ஒன்பதாவது குழி

எங்கள் ஊரில் கல் கிடையாது. நன்னிலத்துக்குக் கிழக்கே எந்த வயலை எவ்வளவு ஆழம் தோண்டினாலும் களிமண், அதற்குக் கீழே இன்னும் களிமண், அதிர்ஷ்டம் இருந்தால் கொஞ்சம் மணல். நாயை விரட்டக்கூட மண்கட்டியைத்தான் பொறுக்க வேண்டும். ஜல்லி வேண்டுமென்றால் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து லாரியில் வர வேண்டும். அதனால் கெட்டியாக எது கண்ணில் பட்டாலும் எங்கள் ஊர்க்காரர்கள் விடமாட்டார்கள். உடைந்த சிமெண்டுத் தூண், பழைய அம்மி, ஓட்டுச் சில்லு, எதுவானாலும் தூக்கிக்கொண்டு போய் மாட்டுக்கொட்டகை வாசலிலோ போர்செட்டுக்குப் போகிற வழியிலோ போட்டு மிதித்துவிடுவார்கள். ஐப்பசி மழையில் எங்கள் ஊர்ச் சேற்றில் நடந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் செய்த காரியம் அப்போதுதான் புரியும். புரிந்தபிறகு மன்னிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

என் தொழில் உலைக்குள் சுவர் கட்டுவது. இரும்பு உருக்குகிற உலையின் உட்பக்கத்தில் தீச்செங்கல் அடுக்கி, மேலே பூச்சுக் கொடுத்து, கொஞ்ச நாளில் அது அரித்துப் போனதும் உலையை ஆறவைத்து, உள்ளே இறங்கி, பழையதைச் சுரண்டிவிட்டு மறுபடி பூசுவது. வளைகுடா நாட்டில் ஒரு ஆலையில் இருபது வருஷம் இதே வேலை. சுவரின் நிறத்தைப் பார்த்தே எந்தப் பக்கம் சூடு அதிகம் அடித்திருக்கிறது, எங்கே பூச்சு மெலிந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அந்த விஷயத்தில் எனக்குக் கர்வம் உண்டு. அடக்கமானவன் என்று யாரும் என்னைச் சொன்னதில்லை.

அந்த இருபது வருஷத்தில் பதினெட்டு வருஷம் என் மனைவி என் அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணன் மனைவி நல்லவர். சண்டை என்று ஒன்றும் நடந்ததில்லை. ஆனால் அந்தச் சமையலறையில் உப்பு ஜாடி எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பவர் அவர்தான். என் மனைவி தனக்குக் கைக்கு எட்டுகிற மாதிரி அடுப்புக்கு வலப்பக்கம் வைத்தால், ஒரு மணி நேரத்தில் அது இடப்பக்கம் போய்விடும். பதினெட்டு வருஷம் ஒரு ஜாடி இப்படிப் போய்ப் போய் வந்தது. லீவில் வரும்போதெல்லாம் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வாள். அது சிரிப்பதற்காகச் சொன்னது இல்லை என்று எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

நான் திரும்பி வந்ததும் வீடு கட்டுவது என்று முடிவானது. என் பங்குக்கு வந்த நிலத்தின் நடுவே ஒரு திடல் உண்டு. வயல் மட்டத்துக்கு மேலே நாலடி எழும்பிய மேடு. தண்ணீர் ஏறாது, ஆகவே பயிரும் கிடையாது. நாலைந்து பனை, கருவை முள், பகலில் ஆடு மேயும். அங்கேதான் வீடு. என் மனைவி கோடு போட்ட நோட்டில் தானே பிளான் வரைந்தாள். மற்ற அறைகளைச் சதுரம் சதுரமாகப் போட்டுவிட்டு, சமையலறைக்கு மட்டும் தனியாக ஒரு முழுப்பக்கம். அக்னி மூலை, அதாவது தென்கிழக்கு. கிழக்குப் பார்த்த ஜன்னல். மேடை அவள் இடுப்புக்கு எவ்வளவு உயரம் என்று நூல் பிடித்து அளந்து எழுதியிருந்தாள்.

சித்திரையில் ஜேசிபி வந்து திடலைச் சமன் செய்தது. இரண்டு வாளி மண் அள்ளியதுமே கறுப்புக் கறுப்பாகக் கட்டிகள் வந்தன. கையில் எடுத்தால் கனம். கூடவே சுட்ட மண் துண்டுகள், உள்பக்கம் கருத்து, வெளிப்பக்கம் சிவந்து. ஜேசிபி ஓட்டியவர் என்ன சார் இது என்றார். பழைய செங்கல் காளவாய் இருந்திருக்கும், வெந்து உருகின சிட்டம் என்று நான் யோசிக்காமல் சொன்னேன். எங்கள் பக்கம் ஊருக்கு ஒரு காளவாய் உண்டு. அதிக நெருப்பில் உருகி ஒட்டிக்கொண்ட செங்கல் எல்லா இடத்திலும் கிடக்கும். உலைக்காரன் சொன்னபிறகு வேறு யார் என்ன சொல்ல முடியும்.

செய்தி பரவ அரை நாள் ஆனது. கெட்டிக் கட்டி கிடைக்கிறதாம் என்று டிராக்டரோடு வந்தார்கள். கொட்டகை வாசலுக்கு ஒருவர், களத்துக்குப் போகிற பாதைக்கு ஒருவர், வாய்க்கால் படித்துறைக்கு ஒருவர், சுடுகாட்டுப் பாதைக்குப் பஞ்சாயத்தில் இருந்து ஒருவர். மூன்று நாள் இடுப்பில் கைவைத்து நின்று, எடுத்துக்கோங்க, எடுத்துக்கோங்க என்று தாராளமாகக் கொடுத்தேன். ஊரில் எனக்கு அவ்வளவு நல்ல பேர் அதற்கு முன் இருந்ததில்லை.

பிறகு வீட்டின் தூண்களுக்கு ஒன்பது குழி. எட்டுக் குழி ஒரே நாளில் தோண்டி மறுநாள் கான்கிரீட் ஊற்றியாகிவிட்டது. தென்கிழக்கு மூலையில் ஒன்பதாவது குழியில் மட்டும் கடப்பாறை இறங்கவில்லை. கொத்தனார் ஆள்மாற்றி ஆள்மாற்றிக் குத்தச் சொல்லி ஐந்தடி இறக்குவதற்குள் ஒரு நாள் கூடுதலாகப் போய்விட்டது. அதற்குள் ஜல்லி தீர்ந்துபோயிற்று. அடுத்த லாரி இரண்டு நாள் கழித்துத்தான் என்றார்கள். கொத்தனார் சாமானைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். நான் ஜல்லிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று மத்தியானம் என் தங்கை வந்தாள். அவள் கல்லூரியில் வரலாறு நடத்துகிறாள். ஆறு வருஷமாக ஆராய்ச்சிப் பட்டத்துக்கு உழைத்துக்கொண்டிருந்தாள். சோழர் காலத்திலும் அதற்குப் பின்னாலும் இந்த டெல்டாவுக்கு வேண்டிய ஏர்க்கொழுவும் அரிவாளும் மண்வெட்டியும் வெளியிலிருந்து செய்து வந்தவை அல்ல, இரும்பு மட்டும் வெளியிலிருந்து வந்தது, அடித்து உருவாக்கியது இங்கே ஊருக்கு ஊர் இருந்த கொல்லர் உலைகளில்தான் என்பது அவள் கட்சி. கோயில் கல்வெட்டுகளில் கொல்லர் வருகிறார்கள். ஆனால் மண்ணில் ஒரு உலைகூட அகப்படவில்லை. ஆள் இருக்கிறான், அடுப்பு எங்கே என்று அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் கேட்டுக்கொண்டே இருந்தார். கோடை விடுமுறை முழுக்கத் திருவிடைமருதூர் பக்கமும் திருக்காட்டுப்பள்ளி பக்கமும் அறுத்த வயல்களில் தலையைக் குனிந்துகொண்டே நடப்பாள். துரு பொறுக்கப் போறா என்று வீட்டில் கேலி செய்வோம். கேலியில் நான்தான் முதல் ஆள். அந்த வருஷக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் அவள் பதிவே ரத்தாகிவிடும் என்ற நிலைமை.

அண்ணன் வீட்டு மாட்டுக்கொட்டகை வாசலில் வண்டியை நிறுத்தினாள். அங்கேயும் நான் ஒரு டிரெய்லர் கொட்டியிருந்தேன். நான் ஏதோ பேசிக்கொண்டே போனேன். அவள் கூட வரவில்லை. திரும்பிப் பார்த்தால் தரையில் குந்தி உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு மண்குழாய்த் துண்டு, ஒரு சாண் நீளம். நடுவில் விரல் நுழைகிற ஓட்டை. ஒரு முனை சாதாரணச் சுட்டமண். மறுமுனையில் கரும்பச்சையாக ஏதோ உருகி வழிந்து பளபளவென்று இருந்தது.

"அண்ணே, இது எங்கேருந்து வந்துச்சு?"

"நம்ம திடல்லேருந்துதான். காளவாய்ச் சிட்டம்."

"காளவாய்க்கு ஏது ஊதுகுழாய்?" என்றாள்.

அதை அவள் கையிலிருந்து வாங்கிப் பார்த்தேன். துருத்தியின் காற்று நெருப்புக்குள் போகிற குழாய். நெருப்புப் பக்கத்து முனை உருகியிருந்தது. இருபது வருஷம் இதே பளபளப்பைத்தான் நான் சுவரிலிருந்து சுரண்டியிருக்கிறேன். அதற்காகத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். சொந்தத் திடலில் மூன்று நாள் பக்கத்தில் நின்று பார்த்து, டிராக்டர் டிராக்டராக ஏற்றி அனுப்பியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. வேறு வார்த்தை தேட வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் திரும்பப் பொறுக்கிக் கொண்டுவந்து விடலாம், யார் யார் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். அழவில்லை, அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். பொறுக்கிப் பயன் இல்லை, எந்த ஆழத்தில், எதற்குப் பக்கத்தில் எது இருந்தது என்பதுதான் சாட்சி என்றாள். "வீட்டை இடிச்சு செங்கல்லைக் கையில குடுத்தா, சமையல்கட்டு எங்க இருந்துச்சுன்னு யாரால சொல்ல முடியும்?" அப்புறம் கேட்டாள், எடுக்காத இடம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று. எனக்குக் கடப்பாறை இறங்காத குழி ஞாபகம் வந்தது.

ஒன்பதாவது குழியில் ஏணி வைத்து இரண்டு பேரும் இறங்கினோம். மேற்குப் பக்கச் சுவரில், இரண்டடி ஆழத்தில், பாதி கிண்ணம் கவிழ்க்காமல் வைத்த மாதிரி ஒரு வளைவு. கொத்தனாரின் கடப்பாறை அதைச் சரியாக நெட்டுக்கு வெட்டியிருந்தது. அடியில் சாம்பல், கரித்தூள், ஒட்டிய சிட்டம். மீதி உலை சுவருக்குள்ளே, வீட்டுப் பக்கமாகப் போயிற்று. தங்கை தொடாதே என்றாள். நான் தொடவில்லை. ஆனால் பார்க்கத் தெரியும்.

சுவர் ஒன்று அல்ல, மூன்று. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பூச்சு. வெளியே இருந்தது முதல் பூச்சு, சுத்தமான வாய்க்கால் களிமண். குறுக்கும் நெடுக்குமாக வெடித்திருந்தது. நம் மண்ணால் ஆகாதது எதுவுமில்லை என்று நினைக்கிற எங்கள் ஊர்க்காரன் எவனும் முதலில் அதைத்தான் பூசுவான். இரண்டாவது பூச்சில் அந்தக் கொல்லன் மணல் கலந்திருந்தான். வெடிப்புக் குறைவு. ஆனால் முதல் பூச்சைச் சரியாகச் சுரண்டாமலே அதன்மேல் அடித்திருக்கிறான். சோம்பேறி என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். எங்கள் ஆலையில் அப்படிப் பூசினால் அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள். மூன்றாவது பூச்சில் மணலோடு உமி, கை நிறைய உமி. நெருப்பில் உமி எரிந்துபோய் நெல்லின் வடிவத்தில் ஓட்டை ஓட்டையாக நின்றது. அந்த ஓட்டைகளில் காற்று நிற்கும். சூடு வெளியே போகாது, சுவரும் சுருங்கி வெடிக்காது. நாங்கள் வாங்குகிற விலை உயர்ந்த லேசுரகத் தீச்செங்கல்லிலும் இதே வேலைதான் நடக்கிறது. எங்கள் ஆலைக்கு மூட்டை மூட்டையாக உமிச்சாம்பல் வரும், உருகின எஃகு ஆறாமல் இருக்க மேலே கொட்டி மூடுவதற்கு. அதைக் கொட்டும்போதெல்லாம் நன்னிலம் ரைஸ்மில் ஞாபகம் வரும். திட்டிய வாயை மூடிக்கொண்டேன். அவன் சோம்பேறி இல்லை, கற்றுக்கொண்டவன்.

நான் சொல்லச் சொல்லத் தங்கை எழுதிக்கொண்டாள். பூச்சு மூன்று முறை என்றால் உலை பல காலம் இங்கே நின்று எரிந்திருக்கிறது, போகிற போக்கில் மூட்டிய நெருப்பு இல்லை என்றாள்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் பேராசிரியர் காரில் வந்தார். குழியில் இறங்கி ஒரு மணி நேரம் ஏறவில்லை. ஏறியபிறகு சொன்னது இதுதான்: இருக்கிற முகப்பைப் படமெடுத்து அளந்துகொள்ளலாம், ஆய்வேட்டுக்கு அது தாங்கும். ஆனால் மீதி உலை அப்படியே மண்ணுக்குள் இருந்தால்தான் நாளைக்கு யாரும் வந்து சரிபார்க்க முடியும். முறையாக அனுமதி வாங்கித் தோண்டுகிறவரை தொடக்கூடாது. அனுமதி எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வாய்க்காலில் தண்ணீர் வருவதற்குள் குழியை மணலால் நிரப்பி மூடிவிடுவது நல்லது. சமையலறை அதன்மேல் வரக்கூடாது.

அவர் சொல்லி முடிப்பதற்கும் ஜல்லி லாரி வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். படம்தான் எடுத்தாயிற்றே, ஊற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன். நிலம் என் நிலம். அனுமதி, துறை, கடிதம் என்று ஆரம்பித்தால் எங்கே போய் முடியும் என்ற பயமும் இருந்தது. தங்கையிடம் அதைச் சொல்லவும் செய்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. லாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொத்தனார் கலவை மெஷின் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, என்ன செய்யட்டும் சார் என்றார்.

என் மனைவி எல்லோருக்கும் டீ கொண்டுவந்திருந்தாள். பேராசிரியர் சொன்னதை முழுதும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருந்தாள். தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டுக் குழியின் விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தாள். பிறகு தங்கையிடம் கேட்டாள்.

"இது போச்சுன்னா உனக்கு ஆறு வருஷமும் போச்சா?"

"படம் இருக்கு அண்ணி. ஆனா நான் பொய் சொல்றேன்னு ஒருத்தர் சொன்னா, வந்து பாருங்கன்னு சொல்ல எனக்கு எதுவும் இருக்காது."

என் மனைவிக்கு அந்த மூலை என்ன என்பது எனக்கும் தங்கைக்கும் தெரியும். அவள் கொத்தனார் பக்கம் திரும்பி, "அந்தக் குழிய விட்டுடுங்க. மூலைய வெட்டிட்டுக் கட்டுங்க," என்றாள். சமையலறையை வடமேற்கில் போட்டுக்கொள்ளலாம் என்று நோட்டைப் பார்க்காமலே சொன்னாள்.

அவள் தியாகம் செய்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போனாள் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் பேசினாள். "அந்தக் கட்டிய எல்லாம் நீங்க ஒழுங்காப் பாத்திருந்தா, குழியே தோண்டியிருக்க மாட்டோம். வீட்டையே பத்தடி தள்ளிக் கட்டியிருக்கலாம். எனக்கு மூலையும் இருந்திருக்கும், அவளுக்கு முழு உலையும் இருந்திருக்கும்." அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை.

வீடு ஒரு மூலை இல்லாமல் எழும்பியது. தென்கிழக்கே மணல் நிரப்பிய இடம் ஒரு சின்ன முற்றம் மாதிரி வெளியே நின்றது. சுற்றி நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டினோம். வந்தவர்களெல்லாம் ஏன் வீட்டைக் கடித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். வடமேற்குச் சமையலறையின் ஜன்னலில் வயல் தெரியாது, அண்ணன் வீட்டு வைக்கோல்போர்தான் தெரியும். மேடை மட்டும் அவள் அளந்து கொடுத்த உயரத்தில் அமைந்தது. கார்த்திகையில் தங்கை ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாள். அதில் ஒரு முழு அத்தியாயம் எங்கள் குழியைப் பற்றி. சுவரின் மூன்று பூச்சைப் படித்துச் சொன்னவர் என்று அடிக்குறிப்பில் என்னைக் குறிப்பிட்டிருக்கிறாள். ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தவரும் நான்தான் என்று அதில் இல்லை. பெருந்தன்மை.

தையில் பால் காய்ச்ச நாள் பார்த்தோம். அக்னி மூலையில்தான் காய்ச்ச வேண்டும், அது வீட்டுக்கு வெளியே போய்விட்டதே, என்ன செய்வது என்று அண்ணன் மனைவி கவலைப்பட்டார். வடமேற்கிலேயே காய்ச்சலாம், பரிகாரம் கேட்கலாம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். என் மனைவி, "அங்கேயே காய்ச்சலாம்," என்றாள். மணலுக்கு மேலே நெருப்பு மூட்டினால் கீழே ஒன்றும் ஆகாது என்று தங்கையிடம் ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தாள். பிறகு என்னைப் பார்த்து, "இருபது வருஷம் யார் யாருக்கோ உலை கட்டினீங்க. எனக்கு ஒரு அடுப்பு கட்டிக் குடுங்க," என்றாள்.

ஆலையில் பையைப் பிரித்தால் கலவை விகிதம் அச்சடித்திருக்கும். இங்கே எதுவும் இல்லை. வாய்க்கால் மண்ணையும் கொஞ்சம் மணலையும் குழைத்து ஒரு அடுப்புப் போட்டேன். காய்ந்ததும் வாயிலிருந்து அடிவரைக்கும் ஒரு வெடிப்பு. ஈரமண் வைத்து அடைத்துவிடலாம் என்று குனிந்தேன். உடைச்சுட்டு மறுபடி போடுங்க என்றாள். ரைஸ்மில்லுக்குப் போய் ஒரு சாக்கு உமி வாங்கி வந்தேன். மூன்றாவது பூச்சில் பார்த்த அளவை மனதில் வைத்துக்கொண்டு கலந்து, காலால் மிதித்தேன். அவள் வரப்பில் உட்கார்ந்து, இன்னும் உமி, இன்னும் உமி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அது வெடிக்கவில்லை.

பால் காய்ச்சும் நாள் காலையில் மங்கலப் பொருள்களில் முதலாவதாக உப்பு ஜாடியைக் கொண்டுவந்து அடுப்புக்கு வலப்பக்கம் வைத்தாள். பால் பானை ஏறியது. வெட்டவெளி, லேசாகக் கீழ்க்காற்று, உறவுக்காரர்கள் கயிற்றுக்கு வெளியே வட்டமாக நின்றார்கள். தங்கை என் பக்கத்தில் நின்றிருந்தாள். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்து மணலில் இறங்கியது. எல்லோரும் குலவையிட்டார்கள். அண்ணன் மனைவி பழக்கதோஷத்தில் குனிந்து, உப்பு ஜாடியை எடுத்து அடுப்புக்கு இடப்பக்கம் வைத்தார்.

என் மனைவி ஜாடியை எடுத்து மறுபடி வலப்பக்கம் வைத்துவிட்டு, பாலை இறக்கினாள்.